வரிசை எண் இல்லாத ஜெர்மன் பயோனெட் போலியா?

வணக்கம் நண்பரே. உங்களிடம் உள்ள ஜெர்மன் பயோனெட்டில் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) வரிசை எண் இல்லை, துப்பாக்கியிலும் மாட்ட முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்; அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இது விடுப்பில் வெளியே போகும்போது சீருடையோடு அணிய, 1930களில் சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கிய அலங்காரக் கத்தி. அரசு கொடுத்ததல்ல, அதனால்தான் எண் இல்லை. துப்பாக்கியில் மாட்டுவதற்காகக் கைப்பிடியில் இருக்கும் பள்ளமே இவற்றில் பலவற்றுக்கு வெறும் ஒப்புக்குத்தான்.

கைப்பிடிக்குக் கீழே, கத்தி அலகின் அடியில் நீங்கள் பார்த்த அணில் முத்திரை சோலிங்கன் நகரத்து ஐக்ஹார்ன் நிறுவனத்துடையது. அணிலின் உருவம் காலத்துக்குக் காலம் மாறியது, அதைக் கொண்டே வருடத்தை ஓரளவு கணிக்கலாம். கிட்டத்தில் ஒரு படம் போடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, எழுத்துப் பொறிக்காத சாதாரண அலகு ஏராளமாகக் கிடைக்கிறது. 'படைச்சேவையின் நினைவாக' என்ற பொறிப்போ மான்கொம்புப் பிடியோ இருந்தால் மதிப்பு எங்கேயோ போய்விடும். ஆனால் பொறிப்பில்தான் மோசடி அதிகம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பழைய கீறல்கள் எழுத்துக்குக் குறுக்கே ஓட வேண்டும், கீறலின் மேல் எழுத்து ஏறியிருந்தால் பின்னால் பொறித்தது.

தயவுசெய்து பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். நிக்கல் பூச்சு உரிந்தால் திரும்ப வராது. லேசாக எண்ணெய் தடவி, உறையிலிருந்து தனியாக எடுத்து வையுங்கள்.