அம்மா மாத்திரையை மிச்சம் பிடிப்பது பிடிவாதம் இல்லைங்க

குடியாத்தத்தில் பீடி சுற்றும் உங்கள் அம்மா சுகர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறார், கால் மரத்துப்போகிறது, சொன்னாலும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். திட்டாதீர்கள். என் பாட்டியும் இப்படித்தான், பீடி முறத்தின் ஓரத்தில் பாதி மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைத்திருப்பார், கேட்டால் "நாளைக்கு ஆகும்" என்பார். கையில் காசு இல்லாததுதான் காரணம் என்று எங்களுக்குப் புரியவே நாளானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மரத்துப்போகும் காலை மட்டும் தள்ளிப்போடாமல் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அப்புறம், ஒரு நாள் கூலி போய்விடுமே என்றுதான் அவர் கிளம்பமாட்டார். அந்தக் கூலியை முதலில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.