முழுமையாக ஒப்புக்கொடுத்தல் என்றால் வேலையை விட்டுவிடுவதா?

தன்னை முழுமையாகக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்பவர் வேலையைத் துறந்து முழுநேர ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கே, வந்தாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை என்பதே என் புரிதல். வேதாகமத்தில் ரோமர் 12:1-இல் அப்போஸ்தலன் பவுல் ‘ஜீவபலி’ (உயிருள்ள பலி) என்று எழுதுவதை வாசிக்கையில், பலியிடும் விலங்கு தோல் நீங்கலாக முழுவதும் பீடத்தில் எரிந்துபோகும் சர்வாங்க தகனபலியே எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த விலங்கு ஒரே முறை செத்தது, விசுவாசியோ உயிரோடிருந்து நாள்தோறும் தன்னைத் திரும்பவும் கொடுக்க வேண்டியவர், கடினம் அங்கேதான் இருக்கிறது. அதே அதிகாரத்தின் 6 முதல் 8 வரையான வசனங்கள் போதிப்பதையும் பகிர்ந்து கொடுப்பதையும் இரக்கம் செய்வதையும் ஒரே வரிசையில் வைக்கின்றன, ஆகவே போதிப்பது மட்டுமே ஒப்புக்கொடுத்தல் ஆகாது. பவுலும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தபடியே ஜெப ஆலயத்தில் பேசினார் (அப்போஸ்தலர் 18:3-4). குடும்பத்தைக் கைவிட்டு ஊழியத்துக்கு ஓடுவதை ஒப்புக்கொடுத்தல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 1 தீமோத்தேயு 5:8 அதைக் கடுமையாகவே கண்டிக்கிறது.