மூக்கு செத்துப் போச்சா? சுங்கை சிப்புட் கேள்விகள்

போன ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஐம்புலன்களைப் பற்றிப் பேசினேன். அன்று நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், எங்கள் வீடு ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கு செத்துப் போச்சா?

பதில்: இல்லைம்மா, நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே வாடை விடாமல் வந்தால் மூக்கிலுள்ள செல்கள் அதற்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்ளும். மூளையும் 'தெரிந்த சங்கதிதானே' என்று ஒதுக்கிவிடும். மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டு வாருங்கள், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றம் அடிக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சமையல் கேஸில் நாற்றத்தைச் சேர்ப்பதே கசிந்தால் தெரியட்டும் என்றுதான். அதிலேயே நின்றுகொண்டிருந்தால் அந்த நாற்றமும் பழகிவிடும். 'இப்போ வாடை இல்லையே' என்று நம்பி அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.

கேள்வி: காரமும் ஒரு சுவைதானே?

பதில்: நாம் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம், ஆனால் அது வலி. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் புரதம் ஒன்று நரம்பு நுனியில் இருக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் அதையே எழுப்பிவிடுகிறது. அதனால்தான் ஊசி மிளகாயைக் கடித்தால் வாய் வெந்த மாதிரி இருக்கிறது. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: செம்பனைக்கு மேலே எழும்பும்போது நிலா ஏன் அவ்வளவு பெரிசு?

பதில்: கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழும்பும்போதும் சரி, உச்சிக்கு வந்த பிறகும் சரி, ஏறக்குறைய பாதி நகம்தான். பெரிதாக்குவது மூளை. எப்படி என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

கேள்வி: ஐயா, சர்க்கரை வியாதியால் தாத்தாவின் வலது காலை எடுத்துவிட்டார்கள். ராத்திரியில் அந்தக் காலின் கட்டைவிரல் அரிக்கிறது என்கிறார். புத்தி பிசகிவிட்டதா?

பதில்: இல்லை தம்பி. தாத்தா சொல்வது உண்மை, வீட்டில் யாரும் அவரைக் கேலி செய்ய வேண்டாம். கால் போனாலும், மூளையில் அந்தக் காலுக்கென்று உள்ள இடம் போகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைக் கவனித்த டாக்டர் சைலஸ் வெயர் மிட்செல், 1871இலேயே இதற்குப் 'பேய் உறுப்பு' என்று பெயர் வைத்தார். 1990களில், தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்தே இதற்கு வைத்தியம் பார்த்தார். கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில், இடது காலைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். தாத்தா அதைப் பார்த்துக்கொண்டே இடது காலை அசைத்தால், போன கால் திரும்பி வந்து அசைகிற மாதிரி இருக்கும். இல்லாத காலில் தெரியும் வலி இதனால் சிலருக்குக் குறைகிறது, எல்லாருக்கும் இல்லை. அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போகும்போது அவர்களிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முதல் சில நாள் பக்கத்திலேயே இருங்கள். போன காலைக் கண்ணாடியில் பார்த்ததும் சிலர் அழுதுவிடுவார்கள்.