சில்வர் ஓக் பலகையில் அடுக்குத் தொட்டி செய்யலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீடு. முன்சுவரில் நாலு அடுக்காக மரத் தொட்டி வைத்துச் செடி வளர்க்க ஆசை. முன்பு ஒருமுறை பேக்கிங் பலகையில் செய்தேன். இரண்டாவது ஐப்பசி மழையில் அடிப்பலகை மண்ணோடு கழன்று விழுந்துவிட்டது. இப்போது கையில் சில்வர் ஓக் (தேயிலைத் தோட்டத்து நிழல் மரம்) பலகை இருக்கிறது. அதில் செய்யலாமா? நல்ல வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டினால் தாங்குமா?

செய்யலாம். ஆனால் வார்னிஷ் வேண்டாம், சுவரில் மாட்டவும் வேண்டாம்.

பழைய தொட்டி விழுந்ததற்கு மழை பாதிக் காரணம்தான். மரத்தை இற்றுப்போக வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் அதன் காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை. மேட்டுப்பாளையத்தில் நனைந்த பலகை இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். உங்கள் ஊரில் மழை விட்டாலும் மேகம் இறங்கி நிற்கும். உள்ளே ஈர மண், வெளியே மூடுபனி. பலகைக்குக் காய நேரமே கிடைப்பதில்லை. அதனால் மலையில் தொட்டி செய்பவர் தண்ணீர் எப்படி வடியும், மரம் எப்படிக் காயும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மரத்துக்கு வருவோம். பேக்கிங் பலகை பெரும்பாலும் பைன். அதில் 'எச்.டி.' (HT) என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள், அவ்வளவுதான். இற்றுப்போகாமல் இருக்க அதில் எந்த மருந்தும் கிடையாது. 'எம்.பி.' (MB) என்று இருந்தால் பூச்சியைக் கொல்ல விஷவாயு ஏற்றியது. கீரை போடும் தொட்டிக்கு அந்தப் பலகை வேண்டாம். சில்வர் ஓக்கும் வெளியில் நீண்ட நாள் தாங்கும் மரம் இல்லை. இழைக்கச் சுகமாக இருக்கும், இழைத்தால் பூப்பூவாக அழகான ரேகை தெரியும். மரப்பொடி சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், முழுக்கைச் சட்டை போட்டு அறுங்கள். அதைப் பக்கப் பலகைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்துக்குப் பழைய வீடு இடித்த தேக்கு அல்லது பலா ரீப்பர் (ஒடுக்கமான நீளச் சட்டம்) தேடுங்கள். அது வைரமாக, அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பாகமாக இருக்க வேண்டும். தேக்கே ஆனாலும் ஓரத்து வெள்ளைப் பகுதி பைன் மாதிரிதான் இற்றுப்போகும். அப்புறம், இதற்காகத் தோட்டத்தில் இன்னொரு மரத்தை வெட்டலாம் என்று நினைத்தால், மலைப்பகுதியில் 1955-ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி கேட்காமல் கோடரியை எடுக்காதீர்கள்.

சுவர் ஏன் வேண்டாம்? மூன்றடி நீளம், எட்டு இன்ச் அகலம், எட்டு இன்ச் ஆழம் உள்ள ஒரு பெட்டியில் சுமார் 38 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த கலவை 45 கிலோ வந்துவிடும். நாலு பெட்டியும் சட்டமும் சேர்ந்தால் 200 கிலோ. பழைய கல்-மண் சுவரில் அடித்த ஆணி இதைத் தாங்காது. தாங்கினாலும் இன்னொரு தொல்லை உண்டு. குன்னூரில் நான் முதன்முதலில் செய்த தொட்டியைச் சுவரோடு ஒட்டி இறுக்கினேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தையில் படுக்கையறை உள்சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வீட்டில் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அதனால் எடை தரையில் இறங்கட்டும். பெயிண்ட் அடித்த இரும்பு ஆங்கிளில் ஏணி மாதிரி சாய்ந்த சட்டம் செய்து, தேயிலைத் தோட்டத்துப் படிபோல ஒவ்வொரு அடுக்கும் பின்வாங்கி ஏறும்படி வையுங்கள். மேல் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே நாலு இன்ச் இடைவெளி இருக்கட்டும். சாயாமல் இருக்க மேலே இரண்டு கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்தால் போதும். பெட்டிகளைச் சட்டத்தோடு ஆணி அடித்து இணைக்காதீர்கள், மேசை இழுப்பறை போலச் சும்மா உட்காரட்டும். சில்வர் ஓக் பெட்டி சில வருடத்தில் போகத்தான் போகும். போன பெட்டியை மட்டும் இறக்கிவிட்டு வேறு வைக்கலாம்.

இனி பெட்டி. பலகை ஒரு இன்ச் கனம், நன்றாகக் காய்ந்தது. பச்சைப் பலகை கோணிக்கொள்ளும். அறுத்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள்: பலகையின் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், வெட்டிய முனையில் ஒரு சொட்டு. முகத்தில் விட்டது முத்தாக நிற்கும்போதே முனையில் விட்டது உள்ளே போய்விடும். மரத்தின் தண்ணீர்க் குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. பெட்டி மூலையிலிருந்து இற்றுப்போக ஆரம்பிப்பதும் அதனால்தான். மெழுகுவத்தியை உருக்கி எல்லா முனைகளிலும் தேய்த்துவிட்டுப் பிறகு பூட்டுங்கள். பத்து நிமிட வேலை, வார்னிஷை விட இது முக்கியம்.

அடியில் முழுப் பலகை போட்டு ஓட்டை போடுவதுதான் எல்லோரும் செய்வது. ஓட்டையை வேர் அடைத்துவிடும், தண்ணீர் தேங்கும். ரீப்பர்களைக் கால் இன்ச் இடைவெளி விட்டு அடித்து, மேலே பச்சை நிழல்வலை இரண்டு மடிப்பு விரியுங்கள். பக்கங்களுக்குக் கனமான பிளாஸ்டிக் ஷீட். அடியில் ஷீட் வேண்டாம். பக்கப் பலகை நடுவில் வயிறு தள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு ரீப்பர் கொடுங்கள். சாதா இரும்பு ஆணி துருப்பிடிக்கும், தேக்கில் கருப்பாகக் கறையும் விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்குங்கள்.

வார்னிஷ் மேலே தோல் மாதிரி நிற்கும். எங்காவது வெடித்தால் அதன் வழியே தண்ணீர் உள்ளே புகும், திரும்பி வெளியேற முடியாமல் அடைபடும். வெளிப்பக்கத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இரண்டு கோட் போதும். மாசியில், வெயில் இருக்கும்போது அடியுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள். வெண்காரம்-போரிக் கரைசல் பூசச் சொல்வார்கள். அது மழையில் கரைந்து மண்ணில் இறங்கும், அளவு மிஞ்சினால் செடிக்கும் ஆகாது. கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம்.

மண் விஷயத்தில் சமவெளி ஆட்கள் சொல்லும் கணக்கு இங்கே சரிவராது. பாதிக்குப் பாதி தென்னை நார்க்கழிவு போட்டால் ஐப்பசியில் சேறாகிவிடும். அதைக் கால் பங்காகக் குறைத்து, மட்கிய உரமும் தோட்ட மண்ணும் கருக்கிய உமியும் சேருங்கள். நம் மண் புளிப்பு, தேயிலைக்குச் சுகம், கீரைக்கு இல்லை. புளிப்பு குறைய, கொஞ்சம் டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் பொடி) தூவுங்கள்.

உங்கள் முன்சுவர் எந்தத் திசை என்று எழுதவில்லை. கிழக்கு அல்லது தெற்கு என்றால் நல்லது. வடக்கு என்றால் மார்கழி, தையில் சூரியன் எட்டிப் பார்க்காது. பெரணியும் பிகோனியாவும் வைத்துத் திருப்திப்பட வேண்டியதுதான். மற்றபடி முதலில் காயும் மேல் அடுக்கில் ரோஸ்மேரி, நடுவில் லெட்டூஸ், மல்லி, ஈரம் இறங்கும் கீழடுக்கில் புதினா. நீளமான கேரட்டுக்கு இந்த ஆழம் போதாது.

ஸ்ட்ராபெர்ரி வைக்கலாம், எட்டு இன்ச் தாராளம். ஆனால் காய் சிவப்பதை உங்களுக்கு முன்னால் குரங்கு பார்த்துவிடும். சட்டத்தை வெல்டிங் செய்யும்போதே வலை மாட்ட நாலு கொக்கி வைக்கச் சொல்லிவிடுங்கள்.