நேபாளத்தில் வீடு கட்டப் போகிறேன், பணமும் நானே கட்ட வேண்டுமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், வயது 26. மார்ச் மாதம் நேபாளம் சுற்றப் போகிறேன். அதில் ஒரு வாரம் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டும் தன்னார்வப் பணியில் சேர ஆசை. ஆன்லைனில் ஒரு நிறுவனம் வாரத்துக்கு 60 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. உழைக்க வருகிறவளிடமே காசு கேட்பது நியாயமா? செங்கல்லைக்கூடத் தொட்டுப் பழக்கமில்லை. "ஏற்காட்டு மலையில் வீடில்லாதவர்கள் இல்லையா, இங்கே செய்யேன்" என்கிறார் அம்மா. விசா, உடல்நலம் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: பணம் கேட்கிறார்கள் என்பதற்காகவே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த ஊர்க் கொத்தனார் ஒரு நாளில் எழுப்பும் சுவரை உங்களைப் போல நான்கு பேர் சேர்ந்தாலும் எழுப்ப முடியாது. அந்த வீடு எழும்புவது சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கொத்தனார் கூலிக்கும் போகும் பணத்தால்தான். உங்கள் உழைப்பு அதற்கு மேல் ஒரு கை உதவி, அவ்வளவுதான். 1976-ல் அமெரிக்காவில் ஃபுல்லர் தம்பதி தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற, வீடு கட்டித் தரும் தொண்டு அமைப்பும் தன்னார்வலரிடம் பயணச் செலவோடு ஒரு நன்கொடையையும் கேட்பதுதான் வழக்கம். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006-ல் மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கம் வந்து வீடு கட்டியது இந்த அமைப்போடுதான். வீடு பெறும் குடும்பத்துக்கும் அங்கே சும்மா கிடைப்பதில்லை. அவர்களும் கூட நின்று உழைக்க வேண்டும், கடனாக வாங்கியதைத் தவணையில் கட்ட வேண்டும். எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஆகவே அந்த நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது, 60 ஆயிரத்தில் வீட்டுக்குப் போவது எவ்வளவு, உங்கள் சாப்பாடு தங்கலுக்கு எவ்வளவு, அவர்கள் அலுவலகத்துக்கு எவ்வளவு என்பதைத்தான். பிரித்துச் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அப்புறம், நிலம் யார் பெயரில் இருக்கிறது, மேஸ்திரி உள்ளூர்க்காரரா, நீங்கள் கிளம்பிய பிறகு மிச்ச வேலையை யார் முடிப்பார்கள் என்றும் கேளுங்கள். விளம்பரம் முழுக்கப் பனிமலையும் சிரிக்கும் குழந்தைகளும் இருந்து, ஒரு கொத்தனார் முகம்கூடத் தெரியவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "அனுபவமே வேண்டாம், சுவரை நீங்களே கட்டலாம்" என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். நீங்கள் கட்டிய சுவருக்குள் ஒரு குடும்பம் படுத்துத் தூங்க வேண்டுமே.

நீங்கள் போவது சித்தாளாக. மணல் சலிப்பது, செங்கல் கைமாற்றுவது, கலவை சுமப்பது, கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவது. இதோடு கம்பி ரிங், அதாவது தூணின் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம், வளைக்கும் வேலை கிடைத்தால் விடாதீர்கள். 2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கம் 7.8 அளவு. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய வீடுகள் ஏராளமாக விழுந்தன. அந்தச் சுவர்களில் உள்முகம் தனி, வெளிமுகம் தனி. இரண்டையும் கோத்துப் பிடிக்கும் நீளக் கல் இல்லாததால் சுவர் இரண்டாகப் பிளந்து சரிந்தது. கான்கிரீட் தூண் போடும் வீடுகளில் பார்க்க வேண்டியது ரிங்கின் முனை. நம்மூர் சைட்டுகளில் பல இடங்களில் அதை 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடுகிறார்கள். தூண் ஆடும்போது மேல்பூச்சாக இருக்கும் கான்கிரீட் உதிரும், ரிங் வாய் பிளக்கும், நிமிர்ந்து நிற்கும் கம்பி வெளியே பிதுங்கும். முனையை 135 டிகிரிக்கு உள்பக்கம் மடக்கினால் அது தூணின் நடுக் கான்கிரீட்டுக்குள் பதிந்து நிற்கும், பிடி விடாது. ஒரு வாரம் முழுக்க இந்த மடிப்பை மட்டும் ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தாலே பெரிய வேலை.

விசா உங்களுக்குப் பிரச்சினை இல்லை. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பி விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். ரயில் என்றால் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகவே கோரக்பூர் போகிறது, அங்கிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ். வேறு நாடு என்றால் கதை வேறு: சம்பளம் வாங்காவிட்டாலும் சுற்றுலா விசாவில் வேலை செய்தால் பல நாடுகளில் குற்றம். பிரிட்டனில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்காக மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யப் பயணிகளுக்கு அனுமதி உண்டு.

மார்ச் நல்ல மாதம், மாற்ற வேண்டாம். அக்டோபர் வாக்கில் தசைன் பண்டிகை வரும், அப்போது சைட்டில் ஆளே இருக்காது.

டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பயணக் காப்பீட்டில் உடல் உழைப்பு வேலையில் படும் காயத்துக்குப் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் கிடையாது. ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும், முதலில் வலியே தெரியாது, சாயங்காலம்தான் புண் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்பார்கள். போதாது, ரப்பர் கையுறை போடுங்கள்.

அம்மா சொல்வதில் பாதி சரி. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு மேல் லாரி போகாத மலைக் கிராமத்துக்கு மணலும் கல்லும் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே காசு கரைந்துவிடும். அங்கே உதவ நினைத்தால் ஒரு லோடு ஜல்லிக்கு வாடகை கொடுங்கள், நீங்கள் பாண்டுச் சட்டியில் கலவை தூக்குவதைவிட அது பெரிது.

கிளம்பும் முன் தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை சைட்டில் நில்லுங்கள். நீங்கள் வந்ததற்காக ஒரு சித்தாளை அன்று நிறுத்திவிடக் கூடாது, அதை முதலிலேயே பேசிவிடுங்கள். நாள் முழுக்கச் சுமந்துவிட்டு ஞாயிறு எழுந்து நடக்க முடிந்தால் ஒரு வாரத்துக்கே பதிவு செய்யுங்கள். முடியவில்லை என்றால் மூன்று நாளாகக் குறைத்துக் கேளுங்கள், நன்கொடையை மட்டும் குறைக்காதீர்கள்.