பீனிசத்துக்கு ஆவி: எத்தனை துளி தைலம், எவ்வளவு சூடு?

கேள்வி: ஹட்டனில் இருக்கிறோம். குளிர் தொடங்கினால் எனக்குப் பீனிசம்தான். காலையில் மூக்கு அடைத்து, கண்ணுக்குக் கீழே பாரமாக இருக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடித்தால் கண் எரிகிறது, இருமல் வருகிறது. மூன்று வயது மகளுக்கும் பிடிக்கலாமா?

பதில்: மகளுக்கு வேண்டவே வேண்டாம். அந்த வயதில் சுடுதண்ணீர் கவிழ்ந்து வெந்துபோவதுதான் முதல் ஆபத்து. அடுத்தது தைலப் போத்தல். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 1990 ஆம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

உங்கள் விஷயத்தில் பிழை அளவில்தான். ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலீற்றர், ஏறக்குறைய 100 துளி. தேவையோ இரண்டு, மூன்று துளி. தைலம் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். கொதிநீர் பட்டதும் மொத்தமாகக் கிளம்பி முதல் மூச்சிலேயே கண்ணையும் தொண்டையையும் தாக்கும். ஹட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும், ஆனால் தோலைப் பொசுக்க அதுவே தாராளம். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அகன்ற சட்டியில் ஊற்றி மேசைமேல் வையுங்கள். மடியிலோ கட்டிலிலோ வைக்கக் கூடாது. பிறகு தைலம் விட்டு, கண்ணை மூடி, ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்து ஐந்து நிமிடம் மூச்சிழுத்தால் போதும். தைலம் தீப்பற்றும், விளக்கும் அடுப்பும் பக்கத்தில் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் தைலத்தையே விட்டுவிடுங்கள். நெடி மூச்சிறைப்பைக் கிளப்பும்.

வாங்கிய தைலம் சுத்தமா என்று பார்க்க வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை பளிச்சென்று நின்றால் தேங்காயெண்ணெய் போல ஏதோ கலந்திருக்கிறது. தோட்டத்தில் பலகைக்காக நட்ட யூகலிப்டஸ் இலையைப் பறித்துப் போடுகிறவர்களும் உண்டு. எல்லா இனத்திலும் மருந்துச் சத்து ஒரே அளவில் இல்லை. கசக்கிப் பார்த்து நெடி வராத இலையால் பயனில்லை. தேயிலைக்கு மருந்தடித்த பக்கத்து இலை என்றால் தொடவே வேண்டாம்.

ஆவி தரும் சுகம் கொஞ்ச நேரத்துக்குத்தான். சளியை உண்மையில் வெளியேற்றுவது உப்புத்தண்ணீர்: மூன்று நிமிடம் கொதித்து ஆறிய ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, முன்னால் குனிந்து, ஒரு மூக்கில் மெதுவாக விட்டு மறு மூக்கால் வடியவிடுங்கள். தைலத்தை ஒருபோதும் மூக்குக்குள் விடாதீர்கள்.

பத்து நாளாகியும் குறையாவிட்டால், அல்லது குறைந்த பின் மறுபடி கூடினால் மருத்துவரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.