தம்பதிப் பாறைக் கயிறு படத்தில் விழ வேண்டுமானால்

கேள்வி: ஜூன் மாதம் ஜப்பான் போகிறேன். இசே நகரின் ஃபுத்தாமி கடற்கரையில் உள்ள மெயோத்தோ இவா என்ற தம்பதிப் பாறைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசை. நண்பர் எடுத்த படத்தில் இரு பாறைகளையும் பிணைக்கும் கயிறு வானத்தோடு கலந்து மறைந்துவிட்டது. சிவப்பு ஃபில்டர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஃபிலிம் காலத்துச் சாதனம். நீல வானத்தைக் கருக்கும், வைக்கோலால் திரித்த அந்தக் கயிற்றை வெளுப்பாகவே விடும். டிஜிட்டல் கேமராவில் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் வண்ணத்தோடு அப்படியே சேமிக்கும் கோப்பாக, எடுத்துவந்தால் அதே வேலையை வீட்டில் கணினி செய்துவிடும். இது கடைக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்கிறார்கள்.

கயிறுதான் முக்கியம் என்று உங்களுக்குத் தோன்றியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அங்கே வழிபடுகிறவர்களுக்குக் கயிறு பிணைத்த அந்தப் பாறைகள் ஒரு வாசல். உதிக்கும் சூரியனையும், சுமார் 700 மீட்டர் தள்ளிக் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் புனிதக் கல்லையும் அதன் வழியாகத்தான் கும்பிடுகிறார்கள்.

உங்கள் நண்பரைக் கவிழ்த்தது மேகமூட்டமாகத்தான் இருக்க வேண்டும். ஜூன் அங்கே மழைக்காலம். சாம்பல் வானத்தில் நீலமே கிடையாது. இல்லாத நீலத்தை எந்த ஃபில்டர் கருக்கும்? கணினியில் எத்தனை முறை இழுத்துப் பார்த்தாலும் வானமும் வைக்கோலும் ஒரே சாம்பலாகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட நாளில் வானத்தை விட்டுவிடுங்கள். அங்கே கயிறு ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளம். அதில் அந்தரத்தில் தொங்குவது 9 மீட்டர்தான், மீதி பாறைகளைச் சுற்றியிருக்கிறது. தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸில் அந்தச் சுற்றுகளைப் பாருங்கள். நனைந்து கறுத்த பாறையின் மேல் வைக்கோல் புரி ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளுத்துத் தெரியும். மே 5 அன்று புதுக் கயிறு கட்டுவார்கள் என்பதால் ஜூன் மாதம் இதற்கு நல்ல காலம்.

வானம் தெளிந்திருந்தால் கயிறு கறுப்பாக வேண்டுமா, வெள்ளையாக வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கறுப்பென்றால் விடியற்காலை, சூரியன் தலைகாட்டுவதற்குச் சற்று முன். சூரியன் கயிற்றுக்கு நேர் பின்னால் வந்துவிட்டால் ஒளி அதைத் தின்றுவிடும். வெள்ளையென்றால் பிற்பகல், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது. கடலைப் பனிபோல ஆக்க நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்காதீர்கள். காற்றில் ஆடும் கயிறு கரைந்துபோகும். அரை விநாடி போதும்.

பயண ஏஜெண்டுகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பாறைகளுக்கு நடுவே சூரியன், பின்னால் ஃபுஜி மலை என்று ஒரு படத்தைக் காட்டி எந்த மாதத்துக்கும் பணம் வாங்குகிறார்கள். சூரியன் நடுவே எழுவது மே முதல் ஜூலை வரை மட்டுமே. ஃபுஜி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு, வானம் மிகத் தெளிந்தால்தான் தெரியும். ஜூனில் சூரியன் எழுவது 4.40 வாக்கில், இவர்கள் பஸ் புறப்படுவதோ காலை உணவுக்குப் பிறகு! வருடக்கணக்காகச் சொல்லியும் இந்த அட்டவணையை யாரும் மாற்றவில்லை. ஃபுத்தாமியிலேயே ஓர் இரவு தங்குங்கள்.

ஆண்டின் மிக நீண்ட பகல் நாளன்று அங்கே இருந்தால், வெள்ளை உடையில் கடலில் இறங்கி வழிபடுகிறவர்களைக் காண்பீர்கள். அவர்கள் கரையேறும் வரை ட்ரைபாடை ஓரமாகவே வையுங்கள்.